காம்பஸும் ஸ்கேலும் வெச்சு ஸ்னோஃப்ளேக் வரையலாம் வாங்க (பாகைமானி வேணாம்)

போன டிசம்பர்ல அக்கா பொண்ணுக்கு கிளாஸ்ரூம் டெக்கரேஷனுக்கு ஸ்னோஃப்ளேக் வரைஞ்சு எடுத்துட்டு வரணும்னு சொல்லிருந்தாங்க, அவ ஒரு கூட்டல் குறி போட்டு அதுமேலயே ஒரு பெருக்கல் குறி போட்டு, எட்டு கைக்கும் குட்டி குட்டி கோடு இழுத்து, கிளிட்டர் எல்லாம் ஒட்டி ஓடி வந்து காட்டினா. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு மனசு கேக்கல, ஏன்னா எட்டு கை இருக்குற ஸ்னோஃப்ளேக் வானத்துலேர்ந்து விழுறதே இல்ல. ஆறு கைதான். எப்பவாவது ரெண்டு கிரிஸ்டல் ஒட்டிக்கிட்டு பன்னெண்டு கை வரும், எட்டு வராது. பக்கத்துல உக்கார வெச்சு இன்னொண்ணு வரையலாம் வான்னேன், அவ உடனே பாக்ஸ திறந்து பாகைமானிய எடுத்துட்டு "எத்தன டிகிரி சித்தி?"ன்னா. டிகிரியே அளக்க வேணாம்டா, அத உள்ள வைன்னேன்.

அன்னைக்கு அவளுக்கு சொன்னத அப்படியே இங்க எழுதுறேன். முழுக்க முழுக்க காம்பஸும் ஸ்கேலும் தான், கோணம் எல்லாத்தையும் காம்பஸோட அகலமே பாத்துக்கும். இது ஒண்ணு மட்டும் மனசுல நின்னா போதும், மீதி எல்லாம் கை பழக்கம்.

என்னென்ன வேணும்

ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருக்குற காம்பஸே போதும், ஆனா அதோட திருகு லூசா இருந்தா எந்த ஸ்னோஃப்ளேக்கும் வராது. விரிச்சு பேப்பர்ல ஒரு தடவ அழுத்தி பாருங்க, தானா அகண்டுச்சுன்னா திருக டைட் பண்ணுங்க. காம்பஸுக்குள்ள போடுற பென்சில் 2ஹெச் மாதிரி கொஞ்சம் கெட்டியானதா இருக்கட்டும், லேசான கோடு விழும், அப்புறம் அழிக்கவும் சுலபம். பென்சில் முனைய விட ஊசி ஒரு மில்லிமீட்டர் நீட்டி இருக்கணும், ஏன்னா ஊசி பேப்பருக்குள்ள இறங்கும், பென்சில் இறங்காது. பேப்பர் ஏ4 சைஸ்ல கொஞ்சம் கனமான டிராயிங் ஷீட்டா எடுங்க, அடியில ஒரு பழைய அட்டையோ ஆனந்த விகடன் மாதிரி ஒரு புக்கோ வைங்க, வழுவழுப்பான டைனிங் டேபிள் மேல வெச்சு வரைஞ்சா ஊசி நிக்காது. நடுப்புள்ளியில மட்டும் ஒரு சின்ன துண்டு செல்லோடேப் ஒட்டிக்கோங்க. ஒரே ஓட்டையில பத்து வட்டம் போடப் போறோம், டேப் இல்லன்னா ஓட்டை பெருசாகி ஒவ்வொரு வட்டமும் ஒவ்வொரு இடத்துல போய் நிக்கும். அப்புறம் ஃபேன. நிறுத்த முடியாதுன்னு தெரியும், நம்ம ஊர் அப்படி, ஆனா ஷீட்டோட நாலு மூலையிலயும் டேப் போட்டு டேபிளோட ஒட்டிட்டா ஃபேன் ஓடினாலும் பரவால்ல.

ஆறு புள்ளி

ஷீட்டுக்கு நடுவுல ஒரு புள்ளி. காம்பஸ அஞ்சு சென்டிமீட்டர் விரிச்சு வட்டம் போடுங்க. இனிமே அந்த அகலத்த தொடாதீங்க. நடுப்புள்ளி வழியா ஸ்கேல் வெச்சு ஒரு நேர்க்கோடு, வட்டத்த ரெண்டு பக்கமும் வெட்டுற மாதிரி. வெட்டுற இடம் ரெண்டும்தான் முதல் ரெண்டு புள்ளி.

இப்ப ஸ்கூல்ல என்ன சொல்லிக் குடுத்திருப்பாங்கன்னா, ஒரு புள்ளியில ஊசிய வெச்சு வட்டத்துல ஒரு வெட்டு, அங்க ஊசிய வெச்சு அடுத்த வெட்டு, இப்படியே சுத்தி வான்னு. அது தப்பில்ல. ஆனா காம்பஸ் அரை மில்லிமீட்டர் மாறி இருந்தாலும் ஆறு தடவ சேர்ந்து கடைசில மூணு மில்லிமீட்டர் தள்ளி நிக்கும், முதல் புள்ளியும் கடைசி வெட்டும் ஒட்டவே ஒட்டாது. நான் பண்றது வேற. நேர்க்கோட்டோட ஒரு முனையில ஊசி வெச்சு ரெண்டு பக்கமும் வட்டத்த வெட்டணும், அப்புறம் எதிர் முனையில வெச்சு அதே மாதிரி ரெண்டு பக்கமும். நாலே வெட்டு, ஆறு புள்ளியும் வந்தாச்சு, தப்பு இருந்தாலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. எதிர் எதிர் புள்ளிய நடுப்புள்ளி வழியா சேத்தா மூணு கோடு, ஆறு கை.

சரியா வந்திருக்கான்னு பாக்க, எதிர்ப் புள்ளி ரெண்டுக்கும் ஸ்கேல் வைங்க. கோடு நடு ஓட்டை வழியா போகணும். போகலன்னா அழிச்சிட்டு திரும்ப போடுங்க, இங்க சோம்பேறித்தனப்பட்டா கடைசி வரைக்கும் உறுத்தும்.

ஏன் ஆறு

காம்பஸ் பக்கம் காரணம் எளிசு. நடுப்புள்ளி, வட்டத்து மேல ஒரு புள்ளி, அதுக்கு அடுத்த புள்ளி, மூணுக்கும் நடுவுல இருக்குற தூரம் ஒரே அளவு, அதாவது சமபக்க முக்கோணம், அதோட கோணம் 60 டிகிரி. 360க்குள்ள அது ஆறு தடவ மிச்சமில்லாம அடங்கும்.

தண்ணி பக்கம் காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. தண்ணி உறையும்போது ஒவ்வொரு ஆக்சிஜனும் பக்கத்துல நாலு ஆக்சிஜனோட ஹைட்ரஜன் வழியா கை கோத்துக்கும், அப்படி கோத்துக்கிட்டே போனா ஆறு ஆறா வளையம் உருவாகும், அந்த அறுங்கோண அடுக்குதான் ஐஸ். வீட்டு ஃப்ரீசர்ல இருக்குற ஐஸ்கட்டியும் அதே அடுக்குதான், 1842ல கட்டின நம்ம மெரினா ஐஸ் ஹவுஸ்ல, அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல கொண்டாந்து வெச்சிருந்தாங்களே அந்த ஏரி ஐஸும் அதேதான். ஆனா கட்டிக்கு கை முளைக்காது. ஸ்னோஃப்ளேக் தண்ணி உறைஞ்சு வர்றது இல்ல, மேகத்துல இருக்குற நீராவி நேரா வந்து ஐஸ்ல ஒட்டி ஒட்டி வளர்றது. முதல்ல ஒரு குட்டி அறுங்கோணத் தட்டு. அதோட ஆறு மூலையும் காத்துக்குள்ள கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கும், அதனால நீராவி மூலைக்குத்தான் முதல்ல கிடைக்கும், மூலை இன்னும் நீளும், நீள நீள இன்னும் அதிகமா கிடைக்கும். அப்படித்தான் கை.

1611லயே கெப்ளர், ஆமா கிரகம் சுத்துற விதிய எழுதின அதே கெப்ளர்தான், ஏன் எப்பவும் ஆறு, ஏன் அஞ்சு இல்ல ஏழு இல்லன்னு கேட்டு உக்காந்து எழுதினார். குண்டுகள நெருக்கி அடுக்கினா எப்படி அமையும்ங்குற வரைக்கும் யோசிச்சுட்டார், அணு பத்தி யாருக்கும் தெரியாத காலத்துல. எக்ஸ்ரே வெச்சு கிரிஸ்டலுக்குள்ள பாக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் முழு பதிலும் வந்துச்சு.

கைக்கு நடுவுல அரைக்கோடு

அடுத்து கைக்கு கை நடுவுல 30 டிகிரில ஒரு வழிகாட்டிக் கோடு வேணும். இது கடைசில அழிச்சிடுவோம். அதே அஞ்சு சென்டிமீட்டர் அகலம், பக்கத்து பக்கத்து ரெண்டு புள்ளியில ஊசிய வெச்சு வட்டத்துக்கு வெளிய ரெண்டு வில், ரெண்டும் வெட்டுற இடத்தையும் நடுப்புள்ளியையும் சேத்து அந்தப் பக்கமும் நீட்டிடுங்க. இப்படி மூணு கோடு. வெட்டுற இடம் நடுவுலேர்ந்து 8.66 சென்டிமீட்டர்ல வரும், அதனாலதான் அஞ்சு சென்டிமீட்டர் வட்டம் சொன்னேன், ஏ4க்குள்ள வசதியா அடங்கும்.

கிளைகள், இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க

நெட்ல பாக்குற பாதி படத்துல கிளைய 45 டிகிரில இழுத்து விட்டுருப்பாங்க, இன்னும் சில படத்துல மீன் முள்ளு மாதிரி உள்பக்கமா சாய்ஞ்சிருக்கும். நிஜத்துல கிளையும் அதே ஐஸ் அடுக்குலதான் வளருது, அதனால அதுவும் 60 டிகிரிதான், வெளிப்பக்கமா பாத்து, பக்கத்து கைக்கு இணையா. இத கவனிச்சா போதும், சும்மா பென்சில்ல போட்டாலும் ஸ்னோஃப்ளேக்னு தெரியும்.

முதல்ல கிளை எங்க ஆரம்பிக்கணும்னு முடிவு பண்ணுங்க. ஸ்கேல்ல ஆறு கையிலயும் தனித்தனியா அளக்காதீங்க. நடுப்புள்ளில ஊசி வெச்சு 1.5, 2.5, 3.3, 4.1 சென்டிமீட்டர்ல நாலு வட்டம் லேசா போட்டா ஒரே சுத்துல ஆறு கைக்கும் குறி விழுந்துடும்.

இப்ப ஒரு குறிய எடுத்துக்கோங்க, 2.5ல இருக்குறது. கிளை 1.8 சென்டிமீட்டர் நீளம் வேணும்னு வெச்சுப்போம். காம்பஸ 1.8க்கு வைங்க. குறியில ஊசிய வெச்சு வெளிப்பக்கமா ஒரு அரைவட்டம் மாதிரி வில் போடுங்க, அது கைய ஒரு இடத்துல வெட்டும். அகலத்த மாத்தாம அந்த வெட்டின இடத்துல ஊசிய வெச்சு, போட்ட வில்ல இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. குறியிலேர்ந்து அந்த ரெண்டு வெட்டுக்கும் கோடு இழுங்க. முடிஞ்சுது. கோணமும் 60, நீளமும் 1.8, ரெண்டு பக்கமும் ஒரே அளவு, எல்லாம் ஒரே காம்பஸ் அகலத்துல. காரணம் பழைய காரணம்தான், சமபக்க முக்கோணம். அக்கா பொண்ணு இத முதல் கையில நான் சொல்லச் சொல்ல பண்ணினா, ரெண்டாவது கையில என்னைய பேசவே விடல.

அகலத்த அடிக்கடி மாத்தக்கூடாதுன்றதால ஒரு அளவு வெச்சா ஆறு கையிலயும் அந்த அளவு கிளைய முடிச்சிட்டுத்தான் அடுத்த அளவுக்கு போகணும். என்னோட முதல் டிசைனுக்கு 1.5 குறிக்கு 1.0 நீளம், 2.5க்கு 1.8, 3.3க்கு 1.3, 4.1க்கு 0.7. இதையே போட்டுப் பாருங்க, நல்லா வரும்.

இந்த நம்பர் சும்மா தோணினது இல்ல, அதுக்கு ரெண்டு எல்லை இருக்கு, இத தெரிஞ்சுக்கிட்டா உங்க டிசைன நீங்களே போடலாம். ஒண்ணு, கிளையோட நீளம், அது நடுப்புள்ளியிலேர்ந்து எவ்வளவு தள்ளி ஆரம்பிக்குதோ அத தாண்டக்கூடாது. சமமா இருந்தா கிளை முனை கரெக்டா அந்த 30 டிகிரி அரைக்கோட்டுல போய் நிக்கும், பக்கத்து கையோட கிளையும் அங்கயே வந்து முட்டும். தாண்டினா ரெண்டும் ஒண்ணையொண்ணு வெட்டிக்கும். நிஜத்துலயும் நடுவுக்குப் பக்கத்துல இருக்குற கிளைக்கு இடமும் கிடையாது நீராவியும் கிடையாது, அதனால குட்டையாவே நிக்கும். ரெண்டாவது எல்லை, ஆரம்பிக்கிற தூரமும் கிளை நீளமும் கூட்டினா கையோட மொத்த நீளத்த தாண்டக்கூடாது. அதுவும் சமமா இருந்தா கிளை முனையெல்லாம் பெரிய அறுங்கோணத்தோட ஓரத்துல வரிசையா நிக்கும், அந்த டிசைன் தனி அழகு. நம்ம கை அஞ்சு சென்டிமீட்டர், அதனால ரெண்டு எல்லையும் சேர்ற இடம் நட்ட நடு 2.5, அங்கதான் ரொம்ப நீளமான கிளை வரும்.

நடுத்தட்டும் மத்த அலங்காரமும்

ஒரு சென்டிமீட்டர் வட்டம் போட்டு, அது கைகள வெட்டுற ஆறு இடத்தையும் சேத்தா நடு அறுங்கோணம். மூலை கை மேல இருக்கணும், பக்கம் இல்ல, மேல சொன்ன மாதிரி கை மூலையிலேர்ந்துதான் முளைக்குது.

எவ்வளவு அலங்காரம் பண்றதுங்குறது மேகத்தோட குளிர், ஈரம் ரெண்டையும் பொறுத்ததுன்னு கண்டுபிடிச்சவர் ஜப்பான்ல நகாயான்னு ஒரு விஞ்ஞானி. 1936ல ஹொக்கைடோல லேப்லயே முயல் முடி ஒண்ணு மேல ஸ்னோஃப்ளேக் வளத்து காட்டினார். மைனஸ் 2 டிகிரி கிட்ட தட்டையான அறுங்கோணத் தட்டு, மைனஸ் 5 கிட்ட ஊசியும் தூணும், மைனஸ் 15 கிட்டதான் நாம வரையுற மாதிரி பெரிய நட்சத்திரம். ஈரம் கூடக் கூட கிளை கூடும். அதனால ஈரம் கம்மியான மேகம்னா பெரிய நடுத்தட்டு, குட்டை கை, ஈரமான மேகம்னா சின்ன நடுத்தட்டு, கிளை மேல கிளை. ரெண்டையும் கலந்து போடாம இருந்தா படம் நம்புற மாதிரி இருக்கும்.

ஆறு கையும் அச்சு எடுத்த மாதிரி இருக்கணுமான்னா, நிஜத்துல பெரும்பாலும் இருக்காது. அமெரிக்காவுல ஜெரிக்கோங்குற ஊர்ல பென்ட்லின்னு ஒரு விவசாயி, 1885 ஜனவரி 15 அன்னைக்கு முதல் தடவ ஒத்தை ஸ்னோ கிரிஸ்டல மைக்ரோஸ்கோப் வழியா போட்டோ எடுத்தார், வாழ்நாள் முழுக்க 5000க்கு மேல எடுத்தார். அவர் படத்துல எல்லாம் ரொம்ப சீரா இருக்கும், ஏன்னா நல்லதா பாத்து பொறுக்கி எடுத்தார். வரையுற நமக்கு அந்தப் பொறுக்குற வேலை மிச்சம்.

அவுட்லைன் போடும்போது கையும் கிளையும் ஒத்தை கோடா இருந்தா மெலிசா தெரியும், ரெண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இணைகோடு போட்டு முனைய கூம்பா முடிங்க. இங்க் பேனால போட்டு நல்லா காயவிட்டு அப்புறம் அழிங்க. சென்னை ஈரக்காத்துல, முக்கியமா மழைக் காலத்துல, இங்க் காய நேரம் எடுக்கும். அவசரப்பட்டு ரப்பர் போட்டு ஒரு முழு ஷீட்ட நான் ஈஷி வெச்சிருக்கேன், இப்பல்லாம் சாயங்காலம் இங்க் போட்டா காலையிலதான் ரப்பர் எடுக்குறது.

இன்னொரு வழி, முருகன் நட்சத்திரத்துலேர்ந்து

கிளை எல்லாம் வேணாம், ஓரம் மட்டும் ஸ்னோஃப்ளேக் மாதிரி வேணும்னா இது. 1904ல சுவீடன்காரர் ஹெல்கே வான் காக் சொன்ன வளைவுலேர்ந்து வந்தது. வட்டத்த 5.2 சென்டிமீட்டர் ரேடியஸ்ல போட்டு ஆறு புள்ளி வைங்க, ஒண்ணு விட்டு ஒண்ணு சேத்தா ஒரு முக்கோணம், மீதி மூணையும் சேத்தா தலைகீழா இன்னொண்ணு. வடபழனி முருகன் கோயில் பக்கம் எல்லாக் கடையிலயும் இருக்குமே அந்த சரவணபவ நட்சத்திரம். ஒவ்வொரு முக்கோணத்தோட பக்கமும் 9 சென்டிமீட்டர், இன்னொரு முக்கோணம் அத மூணு மூணு சென்டிமீட்டரா தானே வெட்டிக் குடுத்துடுது.

உள்கோட்ட அழிச்சிட்டா வெளிய 12 பக்கம், ஒவ்வொண்ணும் 3 சென்டிமீட்டர். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு ஒரு சென்டிமீட்டரா மூணாப் பிரிச்சு, காம்பஸ 1 சென்டிமீட்டருக்கு வெச்சு நடுத்துண்டோட ரெண்டு முனையிலேர்ந்தும் வெளிய வில் போட்டு குட்டி முக்கோணம் எழுப்புங்க. 48 பக்கம் ஆயிடும். பொறுமை இருந்தா இன்னொரு சுத்து, 192 பக்கம், அதுக்கு மேல பென்சில் முனையே தடிமனா தெரியும். சுத்தளவு முதல் முக்கோணத்துல 27 சென்டிமீட்டர், நட்சத்திரத்துல 36, அப்புறம் 48, அப்புறம் 64. ஒவ்வொரு தடவயும் மூணுல ஒரு பங்கு கூடிக்கிட்டே போகும், முடிவே கிடையாது. ஆனா உள்ள இருக்குற பரப்பு முதல் முக்கோணத்தோட 1.6 மடங்க தாண்டவே தாண்டாது. இத அவகிட்ட சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசாம படத்தையே பாத்துக்கிட்டு இருந்தா.

வாசல்ல போடணும்னா

காம்பஸே இல்லாமயும் ஒரு வழி இருக்கு, அது நம்ம வீட்டுலயே இருக்கு. நேர்ப்புள்ளி கோலம் சதுரம், அதுல ஸ்னோஃப்ளேக் வராது. ஊடுபுள்ளி வைங்க, 7 புள்ளி, 4 வரைக்கும். அதாவது நடு வரிசையில 7, மேலயும் கீழயும் 6, 5, 4. இந்தப் புள்ளி எல்லாமே தானா சமபக்க முக்கோணமா அமையும், அதனால பக்கத்துப் புள்ளிக்கு இழுக்குற எந்தக் கோடும் 60 டிகிரிதான். ஒரே கவனம், வரிசைக்கு வரிசை இடைவெளி, புள்ளிக்குப் புள்ளி இடைவெளிய விட கொஞ்சம் கம்மியா இருக்கணும், ஏழு விரக்கடைக்கு ஆறு விரக்கடைன்னு வெச்சுக்கோங்க. ரெண்டையும் ஒரே அளவா வெச்சா ஸ்னோஃப்ளேக் நெட்டையாயிடும்.

நட்ட நடுப் புள்ளியிலேர்ந்து ஆறு மூலைக்கும் கை இழுங்க, ஒவ்வொரு கையிலயும் மூணு புள்ளி வரும். கையோட முதல் புள்ளியிலேர்ந்து ரெண்டு பக்கமும் ஒரு புள்ளி தூரத்துக்கு வெளிப்பக்கமா கிளை, பக்கத்து கையோட கிளையும் அதே புள்ளிக்கு வந்து சேரும், மேல சொன்ன முதல் எல்லை இதுதான். ரெண்டாவது புள்ளியிலேர்ந்தும் அதே மாதிரி கிளை, அது வெளி ஓரத்துப் புள்ளியில போய் முடியும், அது ரெண்டாவது எல்லை.

இந்த மார்கழில வாசல் தெளிச்சு அவளே போட்டா, முடிச்சிட்டு விரல்விட்டு எண்ணினா. நடுவுல 1, கைகள்ல 18, கிளை சேர்ற இடத்துல 6, ஓரத்துல 12, ஆக மொத்தம் 37. வெச்ச புள்ளியும் 37.